வாரம் ஒரு மூட்டை

வட்டகொடையிலிருந்து ஒரு மேள செட்டும் நோர்வூட்டிலிருந்து இன்னொன்றும் ஒரே நேரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்றபோதுதான், தான் செய்த காரியம் சிவசாமிக்கு உறைத்தது. மழையில் ஒரு செட்டு வராமல் போனால் என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் ஆள் அனுப்பியிருந்தான். இரண்டுமே வந்துவிட்டன.

உள்ளே அவனுடைய மச்சான் ஆண்டியப்பன் படுத்திருந்தார். வயசு எழுபத்தைந்தைத் தாண்டியவர். காலையில் தேத்தண்ணி கேட்டு, அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

"எவன்டா ரெண்டு செட்டக் கூப்புட்டது?" என்றார் தோட்டத் தலைவர் அழகுமுத்து.

"வேற யாரு? நட்டம் வந்தா ரெட்டிப்பா ஏத்துற நம்ம சிவசாமி அண்ணந்தான்," என்றாள் பக்கத்துக் காம்பரா வேலாயி. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

சொன்னது பொய்யில்லை. லயத்து ஆட்கள் விளைவிக்கும் கோவா, லீக்ஸ் மரக்கறிகளை வாங்கி, நானுஓயாவில் ரயிலேற்றிக் கொழும்புக்கு அனுப்புவது ஆண்டியப்பனின் வியாபாரம்; மூட்டை ஏற்றுவது சிவசாமியின் வேலை. போன மழைக்கு விலை விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. மனுசன் அலட்டிக்கொள்ளவில்லை. இருபது மூட்டையைப் பத்தாக்கினார், பத்தை ஐந்தாக்கினார்.

"சந்தை கோவமா இருக்குடா. தணியிற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கி நிப்போம்."

சிவசாமிக்கு ஒதுங்கி நின்று பழக்கமில்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் கடனுக்கு வாங்கி நாற்பது மூட்டை கோவா ஏற்றினான். மழையில் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றது. கோவா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் நாற்றம் அதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் வாரம் ஒரு மூட்டைதான் அவன் கைக்கு வந்தது. அதைத் தலையில் வைத்து ஸ்டேசனுக்குப் போகும்போது, "என்னப்பா, மச்சான் வீட்டுச் சீரா?" என்று ஊரே கேட்டது. அவனும் சிரித்துக்கொண்டே போவான். திரும்பி வந்து, "மச்சான், என்னைய நம்புறீங்களா இல்லையா?" என்பான். "மழை வருது, சாக்க உள்ள எடுத்துப் போடு," என்பதுதான் பதில்.

வாசலில் இரண்டு செட்டுக்கும் போட்டி வந்துவிட்டது. ஒரு செட்டு அடித்ததை மற்றது இரண்டு மடங்காக்கித் திருப்பி அடித்தது. அழகுமுத்து தலைப்பாகையை அவிழ்த்து வீசிவிட்டு ஆடினார். துக்கத்துக்கு வந்த, தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயாவின் சப்பாத்துகூடத் தாளம் போட்டது. சிவசாமியும் ஆடி, வேட்டி அவிழப்போக, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். அக்கா அம்மாக்கண்ணு புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா ஆடுன," என்றாள்.

அவன் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளையில்லாத வீடு. இனி வியாபாரம் இருக்குமா, அதில் தனக்கு இடமிருக்குமா என்று தெரியாமல் காலையிலிருந்து தவித்தவனுக்கு, வாயில் வந்தது வேறு.

"அக்கா, மச்சான் என்னைய நம்புனாரா?"

"இல்ல."

வெளியே மேளம் உச்சத்துக்குப் போனது. அவள் செத்தவரின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைச் சரிசெய்தாள்.

"எப்பிடிடா நம்புவாரு? ஒன்ன வேணாம்னு அனுப்பிருங்கன்னு நாந்தான் சொன்னேன். 'மூட்டையக் கொறைக்கலாம் புள்ள, ஆளக் கொறைக்கக் கூடாது'ன்னுட்டாரு." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "வர்ற வாரம் ரெண்டு மூட்ட ஏத்து. மூணு ஏத்துன, கால ஒடச்சிருவேன்."