தொடாமல் போன இரண்டாம் பேஸ்

தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஹம்சா. மருத்துவமனை அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி நரேன் உள்ளே வந்தான். கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கால்மாட்டு மேசையில் வைத்தான். சிட்னியிலிருந்து காலை விமானத்தில் வந்தவனுக்கு வழியில் நின்று காப்பி வாங்க நேரம் இருந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

"வந்துட்டியா?"

"நீதானே வரச் சொன்ன."

"சொன்னது போன மாசம்."

அவன் தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தான். சின்ன வயதில் அக்கா என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்க மாட்டான். இப்போது தொலைபேசியில்கூட மொட்டையாகத்தான் பேசுகிறான்.

நர்ஸ் ராகவி, நோபல் பார்க்கிலிருந்து வேலைக்கு வருகிற யாழ்ப்பாணப் பெண், மருந்து இறங்குவதைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மகனோ? அங்கிள் காலமை கொஞ்சம் கதைச்சவர். ஏதோ பேஸ்பால் கதை."

"எந்தக் கதைன்னு தெரியும்," என்றான் நரேன்.

அப்பா நாகராஜனைத் தெரிந்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்பும் வேலை பார்த்தவர் அவர். திருச்சியில் இருந்தவரை பேஸ்பால் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பொயிண்ட் குக்கில் வீடு வாங்கியபோது பின்னால் இருந்த மைதானத்தில் ஒரு சின்ன பேஸ்பால் கிளப் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் குறைகிறதென்று ஒருநாள் கூப்பிட்டார்கள். போனவர் அம்பயராகிவிட்டார். அப்புறம் அது பைத்தியமாக முற்றியது. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க ஆட்டங்களை, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோல, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார்.

மெர்க்கிள் என்ற ஆட்டக்காரனின் கதை வந்தால் மட்டும் குரல் கம்மிவிடும். 1908, நியூயார்க். ஆட்டம் சமநிலையில் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. ஓடுகிறவன் வரிசையாக மிதிக்க வேண்டிய நான்கு பேஸ்களில் முதல் பேஸில் நிற்கிற மெர்க்கிளுக்குப் பத்தொன்பது வயது. அடிக்கிறவன் அடித்துவிட்டான், மூன்றாம் பேஸில் இருந்தவன் ஓடிவந்து வெற்றி ரன்னையும் எடுத்துவிட்டான். கூட்டம் மைதானத்துக்குள் பாய்கிறது. முறைப்படி மெர்க்கிள் ஓடிப்போய் இரண்டாம் பேஸை மிதித்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று பாதி வழியில் திரும்பி ஓடிவிட்டான். எதிரணி விடவில்லை, பந்தோடு போய் இரண்டாம் பேஸைத் தொட்டது. அம்பயர் அவுட் கொடுத்தார், ரன் செல்லாமல் போயிற்று. அந்த வருஷக் கோப்பையும் நியூயார்க்கின் கையைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நன்றாக ஆடியும் சாகிறவரை அவனுக்கு மரமண்டை என்றே பேர். "சின்னப் பையன்யா, ஒரே ஒரு தப்பு, ஊரே சேர்ந்து கொன்னுட்டாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார் நாகராஜன்.

நரேனுக்குப் பதினைந்து வயதில் அதே தப்பு நடந்தது. ஜூனியர் இறுதி ஆட்டம். முதல் பேஸில் நின்றவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நண்பர்களைப் பார்த்து ஓடினான். எதிரணிப் பையன் ஒருவன் பந்தோடு இரண்டாம் பேஸில் நின்று கத்தினான். அம்பயர் நாகராஜன் முஷ்டியை உயர்த்தினார். அவுட்.

தோற்றுப்போன அவனுடைய சொந்த அணியே நரேனை மட்டும் அல்ல, அவன் இனம், நிறம், டிபன் டப்பா எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தது. பள்ளியில் வருஷம் முழுக்க அது நடந்தது. நரேன் மட்டையைத் தொடவே இல்லை. படிப்பு முடிந்ததும் சிட்னிக்குப் போனவன், அம்மாவின் சாவுக்கு மட்டும் வந்தான்.

மத்தியானம் தாண்டி அப்பா கண் திறந்தார். பார்வை கூரையில் அலைந்து நரேனிடம் வந்து நின்றது.

"யாரு, நரேனா?"

"ஆமா."

"சாப்பிட்டியா?"

நரேன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எவனோ ஒரு அமெரிக்காக்காரனுக்காக வாழ்நாள் பூரா அழுதீங்க. எனக்கு?"

"நரேன், வேண்டாம்," என்றாள் ஹம்சா.

அப்பா அவனையே பார்த்தார். தொண்டையில் சளி கரகரத்தது. "அவுட்தான்டா," என்றார். "நீ தொடலையே."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நரேன் சிரித்தான். கேட்கவே நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"உனக்கு வெக்கமா இல்ல?" ஹம்சாவின் குரல் அடங்கித்தான் வந்தது. "சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட இதைக் கேக்கவா பிளைட் பிடிச்சு வந்த? ராத்திரியெல்லாம் அவருக்குத் துணி மாத்தினது நான். ஒரு நாளாவது நீ வந்து பாத்தியா?"

"நீ அவரோட செல்லம். அதனால நீ பாப்பே."

"விளையாட்டுடா அது. பசங்க விளையாட்டு."

"அவுட் குடுத்தது எனக்குப் பிரச்சனை இல்ல. அது அவுட்தான், எனக்கே தெரியும். அன்னைக்கு என் பேக்ல துப்பி வச்சிருந்தானுங்க. அவரு அதைப் பாத்தாரு. கார்ல ஏறினதும் என்ன சொன்னாரு தெரியுமா? சீட்பெல்ட் போடுன்னாரு. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் அவ்வளவுதான்."

"அதுக்காக அம்மாவையும் விட்டுட்டுப் போனியா? என்னை விட்டுட்டுப் போனியே, நான் என்ன துப்பினேன்?"

"நீ அன்னைக்கு அந்தக் கார்ல பின்னாடிதானே உக்காந்திருந்த. நீயும்தான் வாயத் திறக்கல."

கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, இடையில் கிடந்தவரின் மேலாகவே அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். வீட்டை விற்பது, அம்மாவின் கடைசி நாட்கள், வராமல் போன தீபாவளிகள் என்று பழசெல்லாம் வெளியே வந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்த ராகவி ஒரு கணம் நின்றாள். பிறகு நேராகக் கட்டிலுக்கு வந்து அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

ஆக்ஸிஜனை நிறுத்தினாள். சீறிக்கொண்டிருந்த சத்தம் நின்றபோதுதான் அது இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"எப்போ?" என்று கேட்டாள் ஹம்சா.

"எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள்."

அல்டோனாவில் தகனம். முன் வரிசையில் அக்காவும் தம்பியும் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் நீலச் சட்டையில் கிளப் ஆட்கள். சாஸ்திரிகள் மந்திரத்தை முடித்ததும் கிளப்பின் தலைவர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், குரல் தழுதழுத்தது. நாகராஜனைப்போல நேர்மையான அம்பயரைத் தான் பார்த்ததில்லை என்றார். இதைக் கேளுங்கள் என்றார். ஒரு இறுதி ஆட்டத்தில் சொந்த மகன் இரண்டாம் பேஸைத் தொட மறந்து வேறெங்கோ ஓடினான், கொஞ்சமும் யோசிக்காமல் அவனுக்கே அவுட் கொடுத்தார் எங்கள் நாகா.

கூட்டம் அன்பாகச் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். பையன் நின்ற நிலையை நடித்துக் காட்டினார் தலைவர், வாயைப் பிளந்துகொண்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு. மறுபடியும் சிரிப்பு.

ஹம்சா நரேனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்து போயிருந்தது, பதினைந்து வயதில் காருக்குள் முன்சீட்டில் சிவந்திருந்ததைப் போலவே.

அவள் எழுந்து போனாள். தலைவர் பாதி வாக்கியத்தில் இருந்தார். மைக்கை அவர் கையிலிருந்து எடுத்தாள். "தேங்க் யூ. போதும்," என்றாள். எந்த மொழியில் சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை. மைக்கை அணைத்து மேடைமேல் வைத்தாள். அந்த மனிதர் முகம் வெளுத்துப்போய், எதில் தவறினோம் என்று புரியாமல் இறங்கிப்போனார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நரேன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

சாஸ்திரிகள், "புத்திரன் வரணும், நேரமாறது," என்றார். நரேன் எழுந்துபோய், பெட்டியை உள்ளே அனுப்பும் பொத்தானை அழுத்தினான். பெட்டி திரைக்குப் பின்னால் நகர்ந்தது.

வெளியே வாகன நிறுத்தத்தில் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. பழக்கமில்லாமல் கட்டியிருந்த வேட்டி அவிழ்ந்துகொள்ள, நரேன் இரண்டு கையாலும் அதை இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றான். நீலச் சட்டைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனார்கள். ஹம்சா கார்ச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, பறந்த வேட்டியின் ஒரு முனையை எட்டிப் பிடித்தாள். அவன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு மறுமுனையைச் செருகி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.