மச்சான் பிடித்த கயிறு

1

இந்தக் கதை என் உள்ளங்காலில் பிறந்தது. சர்க்கரை நோய்க் கணக்கெடுப்புக்காக எங்கள் தெருவுக்கு வந்த பெண், "கண்ண மூடிக்கோங்க, தொடுதப்ப சொல்லுங்க" என்றார். மூடிக் காத்திருந்தேன். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"எப்பம்மா தொடுவீங்க?"

"தொட்டாச்சு சார்."

அன்று பிடித்த பயம். பயந்தவன் சும்மா இருப்பானா? அதை 1946-க்குத் தூக்கிக்கொண்டு போய், தூத்துக்குடிக் கடற்கரையில் இன்னொருவன் தலையில் இறக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைக் கடல் அமைதியாக..." (வேண்டாம். அமைதியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.)

இரண்டாவது: யூசுப் சங்கு குளிப்பவன், கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பவன். முத்துக்குளிப்பு நின்று பல வருடமாகிவிட்டது. சங்குதான் சோறு போட்டது. தோணியில் அவன் கயிற்றைப் பிடிப்பவன் சேக், யூசுப்பின் மனைவி அஸ்மாவுக்கு அண்ணன். அந்தக் கரையில் மச்சானைத் தவிர வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள்.* கீழே மூழ்கியிருப்பவன் கயிற்றைச் சுண்டி இழுத்ததும் மேலே இருப்பவன் தூக்கவேண்டும். தாமதித்தால் மூச்சு போய்விடும்.

(* தங்கச்சி விதவையாக எந்த அண்ணன் சம்மதிப்பான்? அன்பைவிட இந்தக் கணக்கை நம்பியிருக்கிறார்கள். விவரமானவர்கள்.)

3

அந்த வருடம் பெருவியாதி, அதாவது தொழுநோய், ஆய்வுக்காக நர்சு அற்புதமணி வீடுவீடாக வந்தார். அந்த நோய்க்கு அப்போதிருந்த மருந்தான எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டவர்களும் போடாதவர்களும் நாளாவட்டத்தில் எப்படி ஆகிறார்கள் என்று பார்த்துவருவது அவர் வேலை. (அவரைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நல்லவராகவே இருந்து தொலைக்கட்டும்.) தோல் மரத்திருந்தால் அது நோயின் அடையாளம் என்பதால், கண்ணை மூடியிருந்த சேக்கின் உள்ளங்கையைக் கோழியிறகால் தொட்டார். அவனுக்குத் தெரியவில்லை.

"கயித்துக் காய்ப்பு. இதுல இறகு எங்க தெரியப்போவுது!" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கயிறு பிடிக்கிற ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அன்று மதியம் அஸ்மாவின் அடுப்பிலிருந்து கொதிக்கிற சட்டியைச் சேக் வெறுங்கையால் இறக்கிவைத்தான். விரல் வெந்து வெளுத்தது. அவனோ மீனுக்கு உப்புப் போதாது என்று பேசிக்கொண்டிருந்தான்.

"காக்கா, கை..." என்று அண்ணனின் விரலைக் காட்டினாள் அஸ்மா.

குனிந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"ஏளா, வெளிய சொல்லிராத. எம் புள்ளைகள யாரு கட்டுவா?"

4

அஸ்மா என்ன செய்வாள்?

(அ) நர்சிடம் சொல்கிறாள். ஊசி கிடைக்கும். ஊரார் சேக்கின் வாசலை மிதிக்கமாட்டார்கள், அவன் பிள்ளைகள்... (அடித்துவிட்டேன்.)

(ஆ) வாயை மூடிக்கொள்கிறாள். எப்படி மூடுவாள்? கடலில் இறங்குவது அவள் புருஷன்.

ஆகவே யூசுப்பிடமே சொன்னாள். அவன் கயிற்றை வேறு கைக்கு மாற்றிவிடுவான், கதையும் முடியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

"மச்சான மாத்துனா கரையே ஏம்னு கேக்கும்" என்றான் யூசுப். "மாத்துததும் தண்டோராப் போடுததும் ஒண்ணுதான்."

"அப்ப நீங்க போவாதிய."

"எத்தன நாளு போவாம இருக்க? நான் பலமா சுண்டுதேன்."

சொல்லிவிட்டுக் கயிற்றின் முடிச்சை மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பயந்தவனுக்குத் தண்ணீருக்குள் மூச்சு நிற்காது. அது அஸ்மாவுக்கும் தெரியும்.

5

மறுநாள் யூசுப் இறங்கிவிட்டான். தடுக்கப் பார்த்தேன். இரண்டு வரியில் ஒரு புயல் எழுதினேன். பொய் என்று அப்பட்டமாகத் தெரிந்தது, கிழித்துப் போட்டேன்.

யூசுப்புக்கு விஷயம் தெரியும் என்பது சேக்குக்குத் தெரியாது. கயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கை சொல்லாததைக் கண் சொல்லிவிடும் என்று நம்புகிறான். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிறது. ஒரே ஒரு தடவை கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்...

கீழே யூசுப் சுண்டிவிட்டான். பலமாகத்தான்.

அடுத்த வரியை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நீங்கள் எழுதுங்கள். ஆனால் நன்றாக யோசித்து எழுதலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது.