மார்லிஸ் தன் கேரேஜுக்குப் பல்பு வாங்கிய கதை

ஜனவரி இரண்டாவது வாரம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மார்லிஸ் எங்கப்ரெட்சன் வீட்டு கேரேஜில் ஒன்பது பேர் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹீட்டர் கிடையாது. முந்தின நாள் அவள் மாட்டிய பல்புதான் காரணம். அட்டையில் 2700 கெல்வின், இதமான மஞ்சள் என்று அச்சடித்திருந்தது. எங்கள் ஊரில் இன்னும் நாற்பது வீட்டில் அதே பல்பு எரிந்தது. அங்கெல்லாம் அது வெளிச்சத்தை மட்டும் கொடுத்தது. மார்லிஸின் கேரேஜில் ஜூலை மாதத்தைக் கொடுத்தது.

மார்லிஸ் முப்பத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். வடக்கு மின்னசோட்டாவின் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லோரும் என்றாவது ஒரு காலையில் அவளிடம் "உட்காரு" என்று திட்டு வாங்கியவர்கள்தாம். ஐம்பத்தொன்பதாம் வயதில், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், பஸ் சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு, இனிமேல் மரப்படகுகளைப் பழுதுபார்த்து வர்ணம் பூசப்போவதாக அறிவித்தாள். மேலதிகாரி சிரித்தார். "ஏப்ரல் கடைசி வரைக்கும் உன் சீட்டு காலியாவே இருக்கும், மார்லிஸ். குளிர் விட்டதும் வந்துரு" என்றார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் அவளோடு வந்தது.

முதல் வேலையைக் கொடுத்தவர் ஹார்டுவேர் கடை விர்ஜில் டோர்க்கெல்சன். அவருடைய மனைவி அரிசோனாவில் வெயில் நன்றாக இருக்கிறது என்று பார்க்கப் போய்ப் பதினாலு வருஷமாகியும் திரும்பவில்லை; விவாகரத்துக் காகிதம் மட்டும் தபாலில் வந்தது. விர்ஜிலிடம் ஒரு துடுப்புப் படகு இருந்தது. அதிலிருந்து உரிந்த பழைய வர்ணத்தில் நகத்தளவு துண்டு ஒன்றை உறையில் போட்டு மார்லிஸிடம் கொடுத்தார். கரும்பச்சை, ஆனால் வெறும் கரும்பச்சை இல்லை.

"இதே பச்சை வந்துட்டா ஏரியில இருக்கற அத்தன படகையும் உங்க வீட்டுக்கு அனுப்பறேன். வரலைன்னா உங்க பஸ்ஸுல நானே ஏறிக்கறேன்" என்றார். பிறகு பல்பு அடுக்கியிருந்த பக்கம் கூட்டிப்போனார். "வேலை செய்யற கேரேஜுக்கு நாலாயிரம் கெல்வின் எடுத்துக்குங்க. கூடவே நிறத்தச் சரியாக் காட்டற அளவு தொண்ணூறுக்கு மேல இருக்கான்னு பாருங்க. கண்ணும் வலிக்காது."

"நாலாயிரம்னா மஞ்சளா, வெள்ளையா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல நிக்கறதெல்லாம் எனக்கு ஆகாது விர்ஜில். முப்பத்திரண்டு வருஷமா ரோட்டுல ஒரே பக்கமாத்தான் ஓட்டியிருக்கேன்" என்று சொல்லி மஞ்சளை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படித்தான் ஜூலை வந்தது. எதிர்வீட்டு டொலோரஸ் கூல் நீச்சலுடையில் மடக்கு நாற்காலியோடு வந்தாள். அவளைத் தொடர்ந்து தெருவே வந்தது. கதவோரத்தில் ஆளுயரத்துக்குக் கம்பளிக் கோட்டுகள் குவிந்தன. உருளைக்கிழங்கு சாலட் பாத்திரங்கள் கைமாறின. கொசுக்களும் வந்தன. கொசுக்கடியைப் பற்றி எல்லோரும் மனநிறைவோடு குறைபட்டுக்கொண்டார்கள். நடுவில் மார்லிஸ், கையில்லாத பனியனோடு, பாட்டுப் பாடிக்கொண்டே படகைத் தேய்த்து, வர்ணம் கலந்து பூசினாள். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மூன்றாவது வாரம் படகை வெளியே பனியில் இழுத்துப்போட்டு விர்ஜிலைக் கூப்பிட்டாள். அவர் படகை ஒருமுறை சுற்றி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மார்லிஸ், இது பச்சை இல்ல. ஜலதோஷம் பிடிச்ச தவளை."

மஞ்சள் வெளிச்சம் பச்சைக்குள் இருந்த நீலத்தை முழுங்கிவிட்டிருந்தது. அவள் வர்ணம் முழுவதையும் சுரண்டினாள். பிறகு கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து 6500 வாங்கி மாட்டினாள். சுவிட்சைப் போட்ட அரைமணியில் கேரேஜுக்குள் பனி பெய்யத் தொடங்கியது. விர்ஜில் வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். அத குளிர்ந்த வெளிச்சம்னு சொல்லுவாங்கதான். ஆனா பனி பெய்யும்னு எங்கயும் போடலயே" என்றார். மறுநாள் தரையில் ஒரு முழத்துக்குப் பனிக்கட்டி இறுகியிருந்தது. அதற்குள் தெருக்காரர்கள் துளைக்கருவியோடு வந்து, சிமெண்டுத் தரை இருந்த இடத்தில் ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்கி உட்கார்ந்துவிட்டார்கள். டொலோரஸ் ஒன்றரை கிலோவில் ஒரு மீன் பிடித்தாள். அதை அங்கேயே வறுத்தார்கள்.

நிறம் என்னவோ இப்போது துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் தூரிகை கட்டையாக விறைத்தது, வர்ணம் கூழாகி நின்றது. அதைவிட, பளபளப்பான வாளியில் தன் முகத்தைப் பார்த்த மார்லிஸுக்கு, அடக்கம் பண்ணத் தாமதமாகிவிட்ட யாரோ ஒருத்தியைப் போலத் தெரிந்தது. அன்றைக்கு அவள் பாடவில்லை.

மார்ச் கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கிழக்கு மூலையில் மஞ்சளையும் மேற்கு மூலையில் நீலத்தையும் சேர்த்து எரியவிட்டாள். பெட்டி நிறையப் பல்பு விற்ற விர்ஜில், ஒரே கூரைக்குக் கீழே ரெண்டையும் கலக்காதீர்கள் என்று கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. ஒரு பக்கத்து ஜூலையும் மறுபக்கத்து ஜனவரியும் படகுக்கு நேர்மேலே முட்டிக்கொண்டன. முதலில் இடி, அப்புறம் முட்டை முட்டையாக ஆலங்கட்டி, பிறகு கொட்டோ கொட்டென்று மழை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் படகு தாங்குகட்டையை விட்டு மிதந்தது. மழைக்கு ஒதுங்கப் படகுக்குள் ஏறி உட்கார்ந்திருந்த டொலோரஸையும் அவளுடைய நாற்காலியையும் சுமந்துகொண்டு, கேரேஜ் வாசல் வழியே தெருவில் இறங்கி ஓடியது.

"மார்லிஸ்! நான் எங்கடி எறங்கறது?"

"ஸ்டாப்பு வந்தா சொல்றேன்! எழுந்திருக்காத, உட்காரு!"

தபால் நிலையத்துத் தூணில் மோதியதும் ஸ்டாப்பு வந்தது. டொலோரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பல வருஷங்களுக்குத் தன் வாழ்க்கையின் மிக நல்ல நாள் அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படகின் பலகை மூன்றில் விரிசல் விழுந்தது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டு பஸ் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மார்லிஸ் இரண்டு பல்பையும் கழற்றி வைத்துவிட்டு, இருட்டான கேரேஜில், விரிசல் விழுந்த படகின்மேல் உட்கார்ந்து அழுதாள். விர்ஜில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லாமல் விட்ட ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஏணியைச் சாய்த்து, ஏறி, சட்டைப்பையிலிருந்து நாலாயிரத்தை எடுத்து மாட்டினார்.

கேரேஜுக்குள் மே மாதத்துக் காலை பத்து மணியானது. அவ்வளவுதான். மெல்லிய காற்று, எங்கேயோ நனைந்த புல், லைலாக் பூ வாசனை. மடக்கு நாற்காலிகளோடு வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். "இதுக்குப் போய் ஏணியெல்லாம் வச்சு ஏறினானா?" என்று கேட்டுவிட்டு டொலோரஸ் தன் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கேரேஜில் கூட்டம் இல்லாமல் போனது அன்றுதான் முதல் தடவை.

இருவரும் ஒன்பது நாள் வேலை செய்தார்கள். அவர் பலகைகளை மாற்றினார், அவள் வர்ணம் கலந்தாள். பத்தாம் நாள் நகத்தளவு துண்டை உறையிலிருந்து எடுத்துப் படகின் பக்கவாட்டில் ஒட்டவைத்துப் பார்த்தபோது துண்டைக் காணவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நிறம் நிறத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. மார்லிஸ் "வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே படகைச் சுற்றி மூன்று முறை ஓடினாள். மூச்சு வாங்க நின்றவளுக்கு விர்ஜிலின் முகம் அந்த வெளிச்சத்தில் நேராகத் தெரிந்தது. சவரம் விட்டுப்போன தாடை, ஒரு புருவத்தில் பச்சை, சிவந்துபோன காது.

"காது ஏன் விர்ஜில் இப்படிச் செவந்திருக்கு?"

"நாலாயிரத்துல எதையும் மறைக்க முடியாது."

"எத்தன நாளா?"

"நீ கடைக்கு வந்து மஞ்சள் பல்பை எடுத்தப்பவே." பதினைந்து வருஷமாக நீங்க என்று கூப்பிட்டவர் அப்போதுதான் முதல் தடவையாக நீ என்றார்.

"பின்ன ஏன் அத என்கிட்ட வித்த?"

"நீ மறுபடியும் மாத்த வருவேன்னு தெரியும்."

அவள் தூரிகையை அவர் மூக்கில் வைத்து ஒரு கோடு இழுத்தாள். பஸ் அலுவலகத்துக்கு அவளே போன் செய்து அந்தச் சீட்டில் யாரையாவது உட்காரவைக்கச் சொன்னாள்.

அடுத்த பிப்ரவரியில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி குளிரில், கேரேஜுக்குள் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் கோட்டைக் கதவோரம் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஏரியின் படகுகள் ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்க வந்தன. மின்சார அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் மீட்டரைப் பார்த்து, ஒரு பல்பு எரியும் கணக்குத்தான் ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு, ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுப் போனார். குளிர்காலத்தில் வேலைக்குப் போகிற வழியில் ஐந்து நிமிஷம் மே மாதத்தில் நின்றுவிட்டுப் போவது ஊரில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது.

எட்டாவது வருஷம் ஒரு டிசம்பர் மத்தியானத்தில் பல்பு அணைந்தது. உள்ளே கடுங்குளிர் ஏறியது. விர்ஜில் கடைக்கு ஓடி நாலாயிரத்தில் இன்னொன்று எடுத்துவந்தார். புதுப் பல்பு மாட்டினால் என்ன வருமென்று தெரியாமல் தெருவே வாசலில் கூடி எட்டிப் பார்த்தது. அவர் ஏணியில் ஏறித் திருகினார். வெளிச்சம் வந்தது, அதன் பின்னாலேயே லைலாக் வாசனை வந்தது. மார்லிஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த படகின் வர்ண டப்பாவைத் திறந்தாள். "யாராவது அந்தக் கதவச் சாத்துங்களேன், தேனீயெல்லாம் பனிக்குள்ள போகுது" என்றாள்.