தேத்தண்ணி சேராத கணக்கு

சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடமாகியும் நல்லமுத்துவின் ஆசை மாறவில்லை. தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் தப்பு மேளம் அடித்தே தீருவேன் என்று நின்றார். இரத்தினபுரி டாக்டரம்மாவோ இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கொழுப்பும் சீனியும் நல்லா ஏறியிருக்கு. கிட்னி மாத்தினவங்களுக்கு இதயத்தைத்தான் முதல்ல பார்க்கணும். இந்த வருஷம் தப்பு வேணாம்."

கிட்னியைக் கொடுத்த மனைவி தவமணி கொதித்துப்போனாள். "எண்ணெயைக் கண்ணுல காட்டாம சமைக்கிறேங்க. எங்கேருந்து ஏறும்?"

"ரத்தம் கொடுக்க முந்தி ஏதும் சாப்பிட்டீங்களா?"

"பச்சத்தண்ணிகூட பல்லுல படலீங்க," என்றார் நல்லமுத்து பெருமையாக. "டின்பால் போட்டு ரெண்டு கோப்பை தேத்தண்ணிதான்."

தேத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்க்கும் வழக்கம் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது. டாக்டரம்மா, தேத்தண்ணியும் குடிக்காமல் மறுபடி பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தவமணி தேத்தண்ணிக் கேத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, புருஷனை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றினாள். இதயத்துக்காகப் பார்த்த அளவுகள் எல்லாமே ஒழுங்காக இருந்தன.

"தாராளமா அடிங்க," என்றார் டாக்டரம்மா.

நல்லமுத்து அடித்த அடியில் தேர் லயத்து வீடுகளை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. தவமணி கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கைதாங்க அவரோடது. தெம்பு என் கிட்னியோடது!"