கோடிட்ட இடத்தை நிரப்புக

அந்தத் தலைநகரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. அதில் ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். மிச்சம் இரண்டையும் கொட்டாவி விட்டபடி சுற்றினாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க முடியாது என்பது சுற்றுலாத் துறை வழிகாட்டியம்மாவின் பதினோரு வருஷ அனுபவம். மணிக்கூண்டு இருக்கிறது, மணி காட்டாது. அருங்காட்சியகம் இருக்கிறது, குடுவைக்குள் ஊறிக் கிடக்கும் இரட்டைத்தலைக் கன்றுக்குட்டிதான் அதில் பெரிய மனுஷன். பூட்டியிருப்பது நாடாளுமன்றம். திறந்திருந்தால் மட்டும் என்ன கிழிந்துவிடப் போகிறது? ஏரியில் படகு விடலாம், ஒரே படகு. சாப்பிடுவதற்குப் பாலத்தடி ஓட்டலில் மீன் சூப். மீன் தீர்ந்துபோனால் வெறும் சூப்.

இதையெல்லாம் வாய் கூசாமல் புகழ்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்த வேலையும் தற்காலிகம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை இயக்குநர் அறை வாசலில் கைகட்டி நின்று நீட்டிப்பு வாங்க வேண்டும். நிரந்தர உத்தரவு ஒன்று கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அந்த ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கப் போவதில்லை என்று அவள் சபதம் எடுத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலைதான். ஆனால் அதை வெளியில் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பாது. நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர் அவர். யாராவது கேட்டால் "பொறியியல் பிரிவுல இருக்காரு" என்பாள். சாயங்காலம் அவர் வாசற்படியில் கால் வைப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்: "நில்லுங்க. துணியைத் தனி வாளியில போடுங்க. குளிச்சுட்டு உள்ள வாங்க." கொல்லைப்புறக் குழாயடியில் அவருக்கென்று கார நெடியடிக்கும் தனிச் சோப்பு. அதை அவள் விரலால்கூடத் தொட்டதில்லை. அவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார்.

இப்படியிருக்க, ஒரு நாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே அதிசயம்.

"பெரிய பத்திரிகையிலேருந்து ஒருத்தர் வர்றாரும்மா. நம்ம ஊரைப் பத்தி ரெண்டு பக்கம். என்ன பார்க்கலாம், என்ன பண்ணலாம், என்ன சாப்பிடலாம்னு. அவரை நீதான் சுத்திக் காட்டணும். கட்டுரை மட்டும் நல்லபடியா வந்துட்டா உன் ஃபைலை நானே மேல அனுப்பறேன்."

அன்று ராத்திரியே சீருடைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். கன்றுக்குட்டிக் குடுவையைத் துடைத்து வைக்கச் சொல்லி அருங்காட்சியகக் காவலாளிக்கு ஆள் அனுப்பினாள். பாலத்தடி ஓட்டல்காரரிடம், நாளைக்கு ஒரு நாளாவது சூப்பில் மீன் கிடக்கட்டும் என்று கெஞ்சினாள்.

மறுநாள் காலை பத்திரிகைக்காரர் ஓட்டல் அறைக் கதவைப் பாதி திறந்தார். இடுப்பில் துண்டு. கையில் தன் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்த பிஸ்கட் பொட்டலம்.

"வெயில்ல எங்கம்மா சுத்தறது? கட்டுரை எழுதி முடிச்சாச்சு. வண்டியிலயே முடிச்சிருவேன், அதான் நம்ம வழக்கம். பேருங்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன். நீங்க நிரப்பிக் கொடுங்க. நாப்பத்தோரு தலைநகரம் இப்படித்தான் முடிச்சிருக்கேன், ஒரு புகார் வந்ததில்ல."

"ஒரே ஒரு இடமாவது பார்த்துட்டு..."

"எல்லா ஊரும் ஒண்ணுதாம்மா," என்று சொல்லிக் காகிதத்தை அவள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து படித்தாள். 'காலம் உறைந்து நிற்கும் ______' என்றிருந்தது. மணிக்கூண்டு என்று எழுதினாள். கச்சிதமாகப் பொருந்தியது. 'வியப்பில் ஆழ்த்தும் ______' கன்றுக்குட்டி. அதுவும் பொருந்தியது. பொருந்தப் பொருந்த அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த ஊரைத் திட்ட அவளுக்கு உரிமை உண்டு. பதினோரு வருஷம் கால் தேய நடந்து சம்பாதித்த உரிமை. பார்க்காமலே திட்டுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். பார்க்காமலே புகழ்கிறவனை என்ன செய்வது?

கடைசிப் பத்தியில் இரண்டு கோடுகள் பாக்கியிருந்தன. 'பலரும் அறியாத ______ பின்மதிலில் அமர்ந்து, அங்கே மட்டுமே கிடைக்கும் ______ சுவைத்தபடி, சூரியன் மறைவதைப் பார்க்காமல் இந்த ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.'

பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அழகான கையெழுத்தில், முதல் கோட்டில் 'நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தின்' என்றும், அடுத்ததில் 'பழைய ரொட்டி வறுவலை' என்றும் எழுதினாள். வறுவல் அந்த நிலையத்துக் கேன்டீனில் போடுவது. அவள் வீட்டுக்காரர் தினமும் மத்தியானம் தின்பது. படித்தால் அந்தப் பத்திரிகைக்காரருக்கு உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

அவர் படிக்கவில்லை. "ஆச்சா?" என்று வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மத்தியான வண்டிக்கே கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஒரு நிமிஷக் கோபத்துக்குப் பதினோரு வருஷத்தை வாரிக் கொடுத்துவிட்டோமே என்று ஒரு மாசம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று எரிந்து விழுந்தாள்.

பத்திரிகை வந்தது. எழுதியது எழுதியபடி, கழிவுநீர் நிலையம் முழுப் பெயரோடு அச்சாகியிருந்தது. இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். தலையில் இடி விழுந்த மாதிரி போய் நின்றாள்.

"ரெண்டு பக்கம்மா! கலர்ல!" என்றார் அவர். தலைப்பைப் படித்திருந்தார். படங்களை எண்ணியிருந்தார். அதற்கு மேல் அவரும் போகவில்லை.

பத்து நாளில் ஆட்கள் வந்தார்கள். கேமராவும் தொப்பியுமாக, கழிவுநீர் நிலையத்துக்கு வழி கேட்டார்கள். மதிலில் வரிசையாக உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ரொட்டி வறுவலோடு, "ஆஹா, என்ன அமைதி!" என்றார்கள். மணிக்கூண்டுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. பத்திரிகையில் போட்டிருந்தால் சாக்கடையிலும் நீச்சலடிப்பார்கள் போலிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள். அவர் மட்டும், "பாவம், தூரத்துலேருந்து வர்றாங்க" என்றார்.

மாசக் கடைசியில் அவள் கைக்கு நிரந்தர உத்தரவு வந்தது. வருஷக்கணக்கில் கனவில் பார்த்த அதே அரசாங்க முத்திரை. இரண்டாவது வரியில் பணியிடம் இருந்தது: சுற்றுலாத் தகவல் மையம், நகராட்சிக் கழிவுநீர் நிலையம், பின்மதில்.

"அங்கதானம்மா இப்ப கூட்டம். நீ எழுதிக் கொடுத்த இடம்தானாமே, பத்திரிகைக்காரர் சொன்னாரு. வேண்டாம்னா சொல்லு, வெளியில நூறு பேர் நிக்கறாங்க," என்றார் இயக்குநர்.

அவள் உத்தரவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் எட்டு மணி நேரம் அந்த மதிலருகே நின்று புகழ்ந்தாள். ஒரு அம்மா, "இது என்னம்மா வாடை?" என்று கேட்டதற்கு, "மண்வாசனைங்க" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் கூடத்து சோபாவில் இருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. வெள்ளைச் சட்டை, வாரிய தலை. அவள் வாசற்படியில் கால் வைக்கப் போனாள்.

"நில்லு," என்றார். "துணியைத் தனி வாளியில போடு. குளிச்சுட்டு உள்ள வா."

கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வழக்கமாகச் சொல்கிற சங்கதியைச் சொன்ன மாதிரி சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார். அவளுக்கு அவமானத்தில் முகம் பற்றி எரிந்தது. இந்த வார்த்தையை அவர் எத்தனை சாயங்காலம் கேட்டிருப்பார் என்று முதல் தடவையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு முடியவில்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். குழாயடியில் அவருடைய சோப்பு பாதி தேய்ந்து கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.