பேராசிரியர் நின்ற இடம்

"துளைக்கம்பியை இறக்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கய்யா!"

துளைக்குழுத் தலைவர் குக்கின் குரல் நாரேயின் காதில் இரைந்தது. அவர் மலை மேல் எந்திரத்தோடு நிற்கிறார். கீழே, இடிந்த சுரங்கப்பாதைக்குள் இரண்டு தொழிலாளிகள். அவர்கள் குழாயைத் தட்டும் சத்தம் காலையிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது.

நாரே அந்த மலைக்குள் நின்றாள். உடம்பு தேஜோன் நகர ஆய்வகத்தில். கண்ணில் மாட்டிய கருவிக்குள், சற்று முன் வந்த அதிர்வு அளவுகளால் எழுப்பிய மலை. சாம்பல் நிறம் பாறை, நீலம் தண்ணீர். அருகில் சீனியர் ஹாங்பியோவின் உருவம். நடுவில் பேராசிரியர் தாக்கின் உருவம். அவர் குறித்த துளைக்கோடு அவர் உடம்பு வழியாகவே இறங்கியது.

அவர் இடுப்போரம் ஏதோ நீலமாக மின்னியது.

"புரொபசர், கொஞ்சம் தள்ளி நிக்க முடியுமா?"

"வேலை நடக்குது, நாரே. அப்புறம் பேசு."

கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதைக் கருவி மறைத்துவிடும். தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. மற்றவர்கள் அவருக்குள் புகுந்து பார்க்கலாம். ஆனால் பேராசிரியரை அவமதித்து யார் புகுவார்? போன மாதம் ஹாங்பியோவின் கை தெரியாமல் அவர் தோளுக்குள் போய்விட்டது. குனிந்து மன்னிப்புக் கேட்ட வேகத்தில் மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டான்.

"சீனியர், அவருக்குள்ள பாக்கணும்."

"பைத்தியமா உனக்கு? அதுக்குப் பதிலா லாரி முன்னாடி போய் விழு. பட்டமாவது மிஞ்சும்."

"குக், இறக்கு..." என்று தாக் தொடங்கினார்.

நாரே சட்டென்று அவர் காலடியில் மண்டியிட்டாள்.

"அப்பாடா, மன்னிப்புக் கேக்குறா" என்றான் ஹாங்பியோ.

அவள் தலையைத் தரையோடு வைத்து அவர் முழங்கால்களுக்குள் நுழைத்து, அண்ணாந்து பார்த்தாள். அவர் வயிறு முழுக்க, குடம் போல் உப்பிய நீலம்.

"நிறுத்துங்க! தண்ணி! கோடு தண்ணிக்குள்ள போகுது! துளைச்சா அவங்க மேலதான் கொட்டும்!"

மேலே எந்திரம் உறுமி ஓய்ந்தது.

தாக் ஒரு எட்டு பின்வாங்கினார். அவர் நின்ற இடத்தில் நீலம் தொங்கியது.

"எல்லாரும் உங்க உருவத்தை அணைங்க" என்றார். அவர் உருவம்தான் முதலில் மறைந்தது. "நாரே, கோட்டை நீ போடு."

ஆளில்லாத மலைக்குள் அவள் புதுக்கோடு இழுத்தாள். நீலத்தைச் சுற்றி, சாம்பல் வழியே, சுரங்கம் வரைக்கும். எந்திரம் மறுபடி உறுமியது. நின்றது.

"தட்டுறாங்க!" குக் கத்தினார். "நம்ம கம்பியைப் பிடிச்சுத் தட்டுறாங்கய்யா! ரெண்டு பேரும்!"