சாமிக்குக் கொடுத்த ரூம்

மீனம்மாவுக்கு வாய் ஓயாது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தேடிப் பார்க்க வேண்டியதில்லை, காதைக் கொடுத்தால் போதும். அப்படிப்பட்டவளையே அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வாயடைக்க வைத்துவிட்டான். ஜூட்சன் என்று பெயர். வாடகை உதவி கொடுக்கிற நிறுவனத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

பெருமழையில் மலையில் வெடிப்பு விழுந்ததும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இனி ஒருவரும் இருக்கக்கூடாது என்று எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார்கள். வெளியில் வாடகைக்கு வீடு பிடிக்கிறவர்களுக்கு அந்த நிறுவனம் கைகொடுத்தது. ஒரு சோடிக்கு ஓர் அறை, அதுதான் கணக்கு. மீனம்மாவும் புருசன் வீரய்யாவும் ஒரு சோடி, மகன் தர்ஷனும் மருமகள் பிரியந்தியும் ஒரு சோடி. அதனால் நோட்டன் பிரிட்ஜில் இரண்டு ரூம் வைத்த வீடே கிடைத்தது.

ஜூட்சன் முதல் ரூமைப் பார்த்தான். இரண்டு தலையணை இருந்தது. இரண்டாவது ரூமைத் திறந்தான். முருகன், மாரியம்மன், குத்துவிளக்கு, ஊதுபத்தி வாசனை.

"இதுல யாரும்மா படுக்கிறது?"

"சாமி ரூம் தம்பி. செருப்பு கழட்டிட்டு வாங்க."

பிறந்ததிலிருந்து லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறையில் கிடந்தவள் அவள். அங்கே சாமி அரிசி மூட்டைக்கு மேலே ஒரு பலகையில் அடுப்புப் புகையைத் தின்றுகொண்டு இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரூம் மிச்சமாகக் கிடைத்தால் வேறு யாருக்குக் கொடுப்பாள்? சன்னல் வைத்த நல்ல ரூமையே கொடுத்துவிட்டாள்.

"சாமிக்கு ரூம் குடுக்க ரூல்ஸ்ல இடமில்லம்மா. மகனும் மருமகளும் எங்க?"

இங்கேதான் மீனம்மாவின் வாய் அடைத்துப் போயிற்று. தர்ஷன் ஹட்டனில் வேலை செய்கிற பேக்கரியிலேயே படுத்துக்கொள்கிறான். பிரியந்தி, லயத்தை விட்டு இறங்கிய அன்றைக்கே உடப்புசல்லாவையில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "மண்சரிவுக்குப் பயந்த புள்ள" என்று சொல்லி வைத்திருந்தாள் மீனம்மா. இந்த வீட்டுக்குப் பக்கத்தில் சரிவதற்கு ஒரு மண்மேடு கூட இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"அடுத்த ஞாயிறு திரும்ப வருவேன்," என்றான் ஜூட்சன். "அவங்க இங்க இருந்தா ரெண்டு ரூம். இல்லாட்டி ஒண்ணுதான். மத்ததுக்கு நாங்க வாடகை குடுக்க ஏலாது." வீட்டுக்காரரும் அதற்குத்தான் காத்திருந்தார். ரூம் காலியானால் பூட்டி, அணைக்கட்டு வேலைக்கு வருகிற ஆட்களுக்குக் கொடுப்பதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த ரூம் போனால் மருமகள் வந்து இருக்க இடமில்லை. பிறகு தர்ஷன் எந்தக் காலத்தில் குடும்பம் நடத்துவது?

"போயி கூட்டிட்டு வா," என்றார் வீரய்யா. அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான்.

வாரத்துக்கு நடுவில் வந்த பௌர்ணமிப் போயா லீவில் மீனம்மா பஸ் ஏறினாள். ஹட்டனில் மாறி, நுவரெலியாவில் மாறி, உடப்புசல்லாவையில் இறங்கும்வரை பக்கத்து சீட்டுக்காரிகள் ஒருத்தியையும் அவள் தூங்க விடவில்லை. சம்பந்தி லெட்சுமி சோறு போட்டாள். மீனம்மா சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ரூல்ஸ், ஜூட்சன், வீட்டுக்காரர், சன்னல் என்று ஒன்றும் விடவில்லை. பிரியந்தி தலையைக் குனிந்தபடி கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா மாமி?"

"வெளிய பூட்டு போடலாம் புள்ள. உள்ள எதுக்கு? நம்ம வீட்டுல கள்ளனா இருக்கான்?"

லெட்சுமி சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். பிரியந்தியின் முகம் சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாமி. நீங்க நல்லவங்க. லயத்துல நமக்கு நடுவுல ஒரு சீலைதானே கட்டியிருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் இருந்து பேசிக்கிட்டே இருப்பீங்க. தூங்கியாச்சாம்பீங்க, போர்வை பத்துதாம்பீங்க, நாளைக்கு என்ன கறிம்பீங்க. அவரும் பதில் சொல்லிக்கிட்டே இருப்பாரு. கலியாணம் கட்டி மூணு மாசம், நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை தனியா பேசல."

மீனம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தானும் வீரய்யாவும் கலியாணம் கட்டிய புதிதில் ஒரே காம்பராவில் மாமியார், மாமனார், கொழுந்தன் இரண்டு பேர் என்று எல்லாரும் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்த மனுசன் வாய் பேசாமல் போனதே அங்கேதானோ என்னவோ. பாவி, இத்தனை வருசத்தில் ஒருநாளாவது இதை யோசித்தேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சனிக்கிழமை தர்ஷன் வந்து கூட்டிட்டுப் போவான்," என்றாள். "தாப்பா இருக்கும்."

திரும்பி வரும்போது ஹட்டனில் இறங்கி ஹாட்வெயார் கடைக்குள் போனாள். கடைக்காரர் பெரிய பூட்டாக எடுத்து வைத்தார். "அது வேணாம், உள்ளேருந்து போடுறது குடுங்க. வெளியேருந்து நானே தள்ளினாலும் தெறக்கக்கூடாது," என்றாள். அவர் கொடுத்ததைக் கையில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.

வீரய்யா அதைக் கதவில் பொருத்தினார். மீனம்மா சாமிப் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து முன்கூடமான ஹோலில் மாட்டினாள். "கோவிச்சுக்காத முருகா. மலை உச்சியில காத்துலயும் மழையிலயும் நிக்கிறவன் நீ. ஒனக்கு ஹோல் போதும். சின்னஞ்சிறுசுக ஹோல்ல படுக்க முடியாது பாரு," என்று நியாயம் சொல்லிக்கொண்டே மாட்டினாள். முருகன் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ரூம் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. போர்வை பத்துமா என்று கேட்க மீனம்மாவுக்கு நாக்கு துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

ஞாயிறு காலையில் தேத்தண்ணி கொதிக்கும்போதே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜூட்சனுக்கு அவசரம். பொல்பிட்டியவில் இன்னும் எத்தனையோ வீடு பார்க்க வேண்டுமாம்.

"வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அப்ப கொஞ்சம் கதவைத் தட்டுங்க. ஆளைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிர்றேன்."

மீனம்மா கதவைப் பார்த்தாள். தட்டினால் காரியம் முடிந்தது, ரூம் உறுதி. தட்டாவிட்டால் இவன் கோபித்துக்கொண்டு 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனாலும் போவான். வீரய்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்ட மாட்டேன் தம்பி."

"என்னம்மா இது? ரெண்டு நிமிச வேலை."

"எங்க ரெண்டு பேருக்கும் கலியாணமாகி இருபத்தாறு வருசம். லயத்துல எங்க கதவ யாரும் தட்டினதில்ல. தட்டாமயே உள்ள வந்துருவாங்க. ஏன்னா அது வீட்டு வாசக்கதவு, எல்லாருக்கும் பொது. எங்களுக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இருந்ததில்ல. இந்தப் புள்ளைகளுக்கு நேத்துத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு. மொத நாளே நான் போயி தட்டவா?" சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "தம்பிக்குக் கலியாணம் ஆச்சா?"

"இல்லம்மா."

"அப்ப ஒக்காருங்க. தேத்தண்ணி குடிங்க. தெறக்கிறப்ப தெறக்கட்டும்."

வீரய்யா எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஜூட்சனுக்கு இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க," என்றார். அன்றைக்கு அவர் பேச்சு அதோடு முடிந்தது.

ஜூட்சன் உட்கார்ந்தான். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான். ரூம் வாசலில் இரண்டு சோடி செருப்பு கிடந்தது. ஒரு சோடியில் உடப்புசல்லாவைச் சேறு இன்னும் காயவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை. இரண்டு அடி பின்னால் வந்து, சாத்திய கதவையும் செருப்புகளையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தான்.

"ரெண்டு ரூம்," என்றான் மெதுவாக. "எழுதிர்றேன்ம்மா."

மோட்டார் சைக்கிளைக்கூட அவன் வாசலில் கிளப்பவில்லை. ரோட்டுவரை உருட்டிக்கொண்டே போனான். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் பிரியந்தியின் குரல் வந்தது.

"மாமி, யாரு வந்தது?"

சொல்வதற்கு மீனம்மாவிடம் ஒரு மலையளவு இருந்தது. ஜூட்சன், போட்டோ, செருப்பு, மாமா நாற்காலி போட்டது என்று எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"யாருமில்லம்மா," என்றாள். "தூங்கு."